சலவைக்கடைச் சந்தில் பிறந்தது

களைக்கும் எனக்கும் இருபத்தாறு வருடத்துப் பகை. லிண்டர் ஊராட்சியில் களை ஒழிப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பிரிவு நான்தான். ஒரு பிக்கப் வண்டி, முதுகில் மாட்டும் மருந்து டேங்க் ஒன்று, ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. ஊருக்கு வெளியே எந்தப் பக்கம் திரும்பினாலும் பலூஸ் குன்றுகள், குன்று முழுக்கக் கோதுமை. அதைப் பார்த்துக்கொள்ள என் தம்பி ஆர்லின் மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். நடைபாதை வெடிப்பிலும் தண்டவாளத்து ஓரத்திலும் குப்பைத்தொட்டிக்குப் பின்னாலும் முளைப்பதெல்லாம் என் பங்கு.

மருந்தை விடிந்த கையோடு அடித்துவிடுவேன். பத்து மணிக்கெல்லாம் இங்கே காற்று கிளம்பிவிடும். அப்புறம் அடித்தால் மருந்து பக்கத்து வீட்டு ரோஜாவின்மேல் விழும், அந்த வீட்டுக்காரி என்மேல் விழுவாள். இதனால் ஆட்டுத்தாடிச் செடி பூத்திருப்பதை ஊரில் ஒழுங்காகப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று சொல்லலாம். சோம்பேறிப் பூ அது. விடிந்ததும் விரியும், நண்பகலானால் கடையைச் சாத்திவிடும். மத்தியானம் போய்ப் பார்த்தால் நீளமான பச்சைக் கூம்புகள்தான் நிற்கும். எது மஞ்சள் பூ, எது ஊதாப் பூ என்று அதைப் பெற்றவளாலும் சொல்ல முடியாது. இரண்டு சாதியும் கடல் தாண்டி வந்தவை. ஊதாவை அந்தக் காலத்தில் கிழங்குக்காகத் தோட்டத்தில் நட்டார்கள். மஞ்சளை யாரும் கூப்பிடவில்லை, அதுவாகவே வந்தது.

ஜூன் மாதம் ஒரு காலை, வெண்டலின் சலவைக்கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் மருந்தோடு நுழைந்தேன். என் வயதுப் பெண்மணி ஒருத்தி, அறுபதைத் தொட்டிருப்பாள், சுவரோரம் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"மோதிரம் ஏதும் தொலைச்சிட்டீங்களா?" என்றேன்.

"அசையாதீங்க!" என்றாள், தலையைக்கூடத் திருப்பாமல். "அங்கயே நில்லுங்க. அந்த டேங்க்ல என்ன இருக்கு?"

"எலுமிச்சை ஜூஸ். குடிக்கிறீங்களா?"

சட்டென்று எழுந்து, ஒரு செடிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பின்கதவில் வெண்டல் சாய்ந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன், அன்றிலிருந்து வாயை மூடவில்லை.

"லவெர்ன், இந்தம்மா ஆறு மணியிலேர்ந்து அந்தக் களைகிட்ட பேசிக்கிட்டு இருக்காங்க. முதல்ல யாருக்கு மருந்து அடிக்கப்போற?"

அவள் பெயர் கேரின் டால்பெர்க். பல்கலைக்கழகத்தில் செடிகளைப் படிப்பவள். விலகி நின்று செடியைக் காட்டினாள். மழைத்தண்ணீர்க் குழாயிலிருந்து ஆரம்பித்து, சுவரோரமாக ஐந்து ஆட்டுத்தாடிகள். முதல் இரண்டும் ஊதா. கடைசி இரண்டும் மஞ்சள். நடுவில் இருந்த மூன்றாவதன் பூவில் வெளிவட்டம் ஊதாவாகவும் உள்வட்டம் மஞ்சளாகவும் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"ஊதாவுக்கும் மஞ்சளுக்கும் பிறந்தது இது," என்றாள் கேரின்.

"சரி, பிறந்துடுச்சு. ஊர்ல நடக்காததா?"

"ஆனா இது மலடுங்க. பாருங்க."

ஆட்டுத்தாடி முற்றினால் பஞ்சுப் பந்தாக விரியும், உள்ளங்கை நிறைய வரும். இந்தச் செடியில் முற்றியிருந்த ஒன்றோ பூனை பிறாண்டிய பந்து மாதிரி அலங்கோலமாக நின்றது. அதிலிருந்து ஒரு விதையைக் கிள்ளி என் கையில் வைத்தாள். நகத்தால் அழுத்தினேன். வைக்கோல் துண்டுபோல் நசுங்கியது, உள்ளே ஒன்றுமில்லை.

என் வண்டியில் உட்கார்ந்து பிளாஸ்க் காப்பியைப் பகிர்ந்துகொண்டோம். எனக்குக் கோபம்தான், காலை வேலை கெட்டுப்போகிறதே என்று. ஆனால் அவள் பேசப் பேச வண்டியை விட்டு இறங்க மனசு வரவில்லை.

"ஒவ்வொரு ஆட்டுத்தாடியோட உயிரணுவுக்குள்ளயும் நூல் மாதிரி குரோமோசோம்னு பன்னிரண்டு இருக்கும். ஆறு ஜோடி. விதை பிடிக்கணும்னா ஒவ்வொண்ணும் தன் ஜோடியோட போய் நிக்கணும். இதுக்கு ஊதாகிட்டேர்ந்து ஆறு, மஞ்சள்கிட்டேர்ந்து ஆறு. எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. ஒண்ணுக்கும் ஜோடி இல்ல."

"உழவர் சங்கக் கூடத்து நடனம் மாதிரி சொல்லுங்க," என்றேன். "பன்னிரண்டு பேர் வந்தாச்சு, ஃபிடில்காரன் வாசிக்கிறான், ஆனா ஒருத்தருக்கும் ஜோடி அமையல. எல்லாரும் சுவரோரமா நின்னு கேக்கைத் தின்னுட்டு வீட்டுக்குப் போறாங்க."

"அதேதான்!" காப்பி சிந்தியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. "ஆனா எப்பவோ ஒரு தடவை, லட்சத்துல ஒண்ணு, செடி ஒரு தப்பு பண்ணும். பாதியாப் பிரிச்சு அனுப்ப வேண்டியதைப் பிரிக்க மறந்துடும். பன்னிரண்டும் அப்படியே மகரந்தத்துக்குள்ள போகும், பன்னிரண்டும் அப்படியே சூலுக்குள்ள போகும். ரெண்டும் சேர்ந்தா?"

"இருபத்துநாலு."

"இப்ப ஒவ்வொண்ணுக்கும் அச்சு அசலா..."

"எல்லாரும் தன்னோட இரட்டையைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. ஆட்டம் ஆரம்பிச்சுடும்."

"ஆரம்பிச்சுடும். புது இனம். அம்மா சாதியும் இல்ல, அப்பா சாதியும் இல்ல, ரெண்டோடயும் ஒழுங்கா சேராது. தனி வம்சம்."

"புது இனம் வர்றதுக்குக் கோடி வருஷம் ஆகும்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்களே."

"பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். இது மட்டும் ஒரே காலையில ஆயிடும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்லவில்லை, முன்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இந்தக் குன்றுகளில் வேறு சில ஊர்களில் இது நடந்திருக்கிறதாம், ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக. ஆனால் எப்போதும் பிறந்து வருடங்கள் கழித்துத்தான் யாராவது போய்ப் பார்த்திருக்கிறார்கள். பிறக்கிற நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேரின் பதினாலு கோடைகளாகக் கலப்புச் செடிகளைத் தேடித் தேடி, விதை விதையாக நசுக்கிப் பார்த்திருக்கிறாள். எல்லாம் சப்பை. வரும் செப்டம்பரில் அவளுக்குப் பணி ஓய்வு.

"இதான் எனக்குக் கடைசிக் கோடை," என்றாள். "இந்தச் செடிக்கும் இதான் கடைசி. பூத்து முடிச்சா செத்துப்போயிடும்."

கண்ணாடிக்கு வெளியே குன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பார்த்தாள்.

"அந்தக் கோதுமைக்கு எத்தனை குரோமோசோம் தெரியுமா? நாப்பத்திரண்டு. மூணு புல்லு சேர்ந்தது. இதே மாதிரி ரெண்டு தடவை நடந்து பிறந்தது. மூணாவது புல்லு வெறும் களை. யாரோ ஒருத்தரோட வயல் ஓரத்துல நின்னுக்கிட்டிருந்திருக்கும், ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால."

"அந்த வயல்ல என்னை மாதிரி ஒருத்தி இருந்திருந்தா?"

"ரொட்டி இருந்திருக்காது," என்றாள் கேரின், சிரிக்காமல்.

அப்போது காற்று கிளம்பிவிட்டது. ஆர்லினின் குன்று முழுக்கக் கோதுமை சாய்ந்து எழுந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற குன்று அது. அன்றைக்குத்தான் முதல்தடவையாக அதைப் பார்த்து பயந்தேன். பயம் என்றால் மாதா கோயிலில் வருகிற மாதிரி பயம்.

மூன்றாவது செடியைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் கம்பிக் கூண்டு வைக்கட்டுமா, அட்டை கட்டட்டுமா என்று கேட்டாள். கூண்டோ அட்டையோ வைத்தால் அதில் என்ன இருக்கிறதென்று பார்க்கவே ஊரில் பத்துப் பேர் பிடுங்குவார்கள் என்று நான் சொன்னதை அவளும் ஒப்புக்கொண்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "குழாயிலேர்ந்து மூணாவது. என் சந்து எனக்குத் தெரியாதா?" என்று வேறு சொன்னேன். என் வாய்க்கொழுப்பு அது.

ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலம் அந்தத் தெருவழியாகத்தான் போகும். அதற்கு முன்னால் சந்துகள் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது ஊராட்சியின் கட்டளை. அந்த வாரம் பார்த்து இரண்டு விடியலும் காற்று அடித்துத் தள்ளியது. இரண்டாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு அதிசயமாகக் காற்று செத்துப்போனது. ஒரு இலை அசையவில்லை. இதை விட்டால் வேறு நேரம் இல்லை என்று டேங்கை மாட்டிக்கொண்டு ஓடினேன். சந்தில் எல்லாம் பச்சைக் கூம்புகள். குழாயிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். மூன்றாவதன்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டு மற்றதற்கெல்லாம் அடித்தேன். நாலே செடிதான் இருக்கிறதே என்று தோன்றவே இல்லை. வாக்கைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று போனேன். நான் காப்பாற்றிய செடி நன்றாகப் பூத்திருந்தது. முழு மஞ்சள். பக்கத்தில் ஒரு செடி பாம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு தலை சாய்ந்து கிடந்தது. பாதி திறந்த அதன் ஒரு பூவில் வெளியே ஊதா, உள்ளே மஞ்சள்.

"வெண்டல்!" என்று நான் கத்தியதில் தெருமுனை நாய் குரைத்தது.

அவன் கையில் போர்வையோடு வந்தான். "என்ன? குழாய்கிட்ட இருந்ததையா கேக்குற? அதை நான்தான் நேத்து காலையில பிடுங்கினேன். கதவைத் திறந்தா கால்ல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. உன் வேலையில ஒண்ணைக் குறைச்சிருக்கேன், ஒரு நன்றி சொல்ல மாட்டியா?"

அவனைத் திட்டி என்ன பயன்? அவன் பிடுங்கியது ஒரு ஊதா. எண்ணியது நான். பூக்கள் சாத்தியிருக்கிற நேரத்தில் போனதும் நான்.

கேரினைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டாள். செடிக்கு முன்னால் முழந்தாளிட்டு, ஒவ்வொரு பூந்தலையாகத் தூக்கிப் பார்த்தாள்.

"திட்டுங்க," என்றேன். "திட்டினா எனக்கு நல்லாருக்கும்."

"உங்களுக்கு நல்லாருக்கணும்னு நான் திட்ட முடியாது. கத்தி இருக்கா?"

பதினேழு தலைகள் இருந்தன, ஏற்கனவே பறந்துபோன அந்த அலங்கோலப் பந்தை விட்டுவிட்டால். சில பூத்து முடிந்து மூடியவை, சில பாதி முற்றியவை. வெட்டிய தலையும் தண்ணீரில் நின்றால் முற்றும் என்றாள் அவள். பூத்து முடிந்தவற்றுக்கு விஷம் இன்னும் ஏறாமல் இருக்கலாம், ஏறியும் இருக்கலாம். பல்கலைக்கழகத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தை அந்த மாதம் பூட்டிவிட்டார்களாம். அதனால் என் சமையலறை ஜன்னல்தான். ஆப்ரிகாட் பழம் ஊறப்போட வைத்திருந்த கண்ணாடி ஜாடிகளைக் கழுவி, ஜாடிக்கு ஒரு தலையாக வரிசையாக வைத்தோம். அந்த வருடம் எங்கள் வீட்டில் ஆப்ரிகாட் ஊறல் கிடையாது.

தினமும் ஒன்றோ இரண்டோ விரிந்தன. கேரின் தினமும் வந்தாள். விரிந்த பந்தை வெள்ளைத் தட்டில் உதிர்த்து, ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, நகத்தால் ஒவ்வொரு விதையாக அழுத்துவோம். நசுங்கும். அடுத்தது. நசுங்கும். ஒரு தலைக்கு எண்பது, தொண்ணூறு இருக்கும். முட்டைக்கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்த பன் சுட்டு வைப்பேன், அவள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தின்ன மறந்துபோவாள். அவள் என்மேல் கோபப்படவில்லை, அதுதான் என்னைத் தின்றது. நான் கொன்றது ஒரு களையை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பிரயோசனமில்லை.

பத்து நாளில் பதினாறு தலைகள் முடிந்தன. எல்லாம் சப்பை. பதினேழாவது ஒரு பக்கக் கிளையில் இருந்த சின்னத் தலை, சுண்டுவிரல் நீளம். தூக்கிப் போடலாமா என்று அதைப் பார்த்து இரண்டு தடவை யோசித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து பார்த்தால் விரிந்திருக்கிறது. அதே அலங்கோலம். கேரின் தன் பாதியை நசுக்கி முடித்துவிட்டுக் கையைத் துடைத்தாள். நான் என் பாதியில் இருந்தேன். கடைசிக்கு மூன்று முன்னால் ஒன்றை அழுத்தினேன். திரும்ப அழுத்தினேன்.

"கேரின்."

"ம்."

"இது நசுங்கல."

அவள் எழுந்து வந்து என் தோளுக்கு மேல் குனிந்தாள். தட்டில் பழுப்பாக, கொஞ்சம் வளைந்து, உருண்டு திரண்ட ஒரே ஒரு விதை.

"ஆசைப்படாதீங்க," என்றாள். அது எனக்கா, தனக்கேவா என்று தெரியவில்லை. "பக்கத்துச் செடியோட மகரந்தம் விழுந்துகூட ஒண்ணு பிடிக்கும். அப்படின்னா பன்னிரண்டுதான் இருக்கும். வழக்கமான சங்கதி. எண்ணினாத்தான் தெரியும்."

ஈரத்தாளில் வைத்தோம். ஒன்பதாம் நாள் வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது. அது மண்ணில் ஊன்றிப் பக்கவேர் விடும்வரை இன்னும் மூன்று வாரம் பொறுத்தோம். அந்த மூன்று வாரத்தில் நான் ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் கால்விரலில் நடந்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார், ஆனால் அவரும் அப்படித்தான் நடந்தார்.

ஆகஸ்டில் ஒரு காலை ஒன்பது மணிக்கு, கேரினின் ஆய்வறையில், அவள் ஒரே ஒரு பக்கவேரின் நுனியை அரிசிமுனை அளவுக்கு வெட்டினாள். சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் துண்டுக்கு அடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். நுண்ணோக்கியில் வைத்துத் திருகித் திருகித் தெளிவாக்கினாள். அப்புறம் கண்ணை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எண்ணலையா?"

"பதினாலு வருஷமா ஆசையோட பார்த்த கண்ணு இது. என்ன இருந்தாலும் இருபத்துநாலுன்னுதான் சொல்லும். நீ எண்ணு."

அதுவரை அவள் என்னை நீங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நானா? குழாயிலேர்ந்து மூணு எண்ணத் தெரியாதவ நானு."

"அதனாலதான். இனிமே நீ எங்கயும் தப்பா எண்ண மாட்ட."

குனிந்தேன். முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. அப்புறம் வெளிச்சம். வெளிச்சத்துக்கு நடுவில், தையல்காரர் வெட்டிப்போட்ட நூல்துண்டுகள் மாதிரி, கருஞ்சிவப்பாகக் குட்டிக் குட்டித் துண்டுகள் சிதறிக் கிடந்தன. இடது மேல்மூலையிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்றும் விட்டுவிடக் கூடாது என்று விரலை மடக்கிக்கொண்டே எண்ணினேன். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. அங்கே நிறுத்தினேன். நிறுத்தாமல் இருக்க முடியவில்லை. இன்னும் மிச்சம் இருந்தது. கண்முன்னால், வலதுபக்கம் முழுக்க, நான் எண்ணாதவை கிடந்தன.

பதிமூன்று என்று வாய்விட்டுச் சொன்னேன். பின்னால் ஸ்டூல் கீச்சிடும் சத்தம் கேட்டது, கேரின் உட்கார்ந்துவிட்டாள் போல. பதினெட்டு. இருபது. இருபத்துநாலு. மறுபடி கீழிருந்து எண்ணினேன், இருபத்துநாலு. மூன்றாம் தடவை எண்ணும்போது கண்ணில் தண்ணீர் வந்து எல்லாம் கலைந்துவிட்டது.

"இருபத்துநாலு," என்றேன். "எல்லாரும் ஜோடியோட வந்திருக்காங்க கேரின்."

அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் தலையைப் பிடித்து என்னோடு சேர்த்துக்கொண்டேன். இரண்டு கிழவிகளும் அழுதோம். ஜன்னலோரத் தொட்டியில் நாலு இலைகளோடு அது நின்றுகொண்டிருந்தது, புல் மாதிரி, ஒன்றுக்கும் ஆகாதது மாதிரி. அதற்கு அம்மா உண்டு, அப்பா உண்டு, இரண்டு பேருடைய சாதியும் இல்லை. எங்கள் ஊர்ச் சலவைக்கடைக்குப் பின்னால், நான் டேங்கோடு நடந்துபோய்க்கொண்டிருந்த ஏதோ ஒரு காலையில், இது ஆரம்பித்திருக்கிறது. உலகம் உண்டானது பழைய சமாசாரம் என்று நினைத்திருந்தேன். வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

அது பூக்க இரண்டு கோடை ஆயிற்று. என் வீட்டுக் கொல்லையில், கோழிவலைக்குள், இரண்டாவது வருட ஜூனில் ஒரு காலை ஏழு மணிக்கு விரிந்தது. வெளியே ஊதா, உள்ளே மஞ்சள், பெற்றவர்கள் இரண்டு பேரையும்விடப் பெரிய பூ. மூன்று வாரத்தில் பந்து விரிந்தது. ஒரு இழை குறையாத முழு உருண்டை. கேரின் ஓய்வு பெற்றும் ஓயவில்லை. எல்லாத் தலைகளையும் உறையில் போட்டு, தேதி எழுதி, எடுத்துக்கொண்டாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

"இது உன் பங்கு," என்றாள்.

மறுநாள் காலை அந்தத் தலையைக் காம்போடு வெட்டி, தொப்பிக்குள் வைத்து மூடி, சலவைக்கடைச் சந்துக்குக் கொண்டுபோனேன். டேங்க் வண்டியிலேயே கிடந்தது. காற்று கிளம்ப இன்னும் நேரமிருந்தது. குழாய்ப் பக்கமாகக் குனிந்து, வாயை வைத்து ஊதினேன்.

"லவெர்ன்!" பின்கதவில் வெண்டல். "ஊர் காசுல களையைக் கொல்றவ, களையை விதைக்கிறியா?"

"நீ ஒண்ணைப் பிடுங்கின இல்ல, அதுக்குப் பதில்."

தொண்ணூறு விதைகள் இருக்கும். துணி உலர்த்தும் இயந்திரத்தின் வெதுவெதுப்பான காற்றில் ஏறி, சுவரைத் தாண்டிச் சில போயின, சில வெடிப்பில் இறங்கின, ஒன்று வெண்டலின் வெள்ளைப் போர்வையில் ஒட்டிக்கொண்டது. அவன் அதைத் தட்டிவிடப் போனவன், என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் எடுத்துக் கீழே வைத்தான்.

அந்தச் சந்தில் இப்போதும் நான்தான் மருந்து அடிக்கிறேன். அடிப்பதற்கு முன்னால் டேங்கை இறக்கி வைத்துவிட்டு, சுவரோரம் தவழ்ந்து, ஒவ்வொரு பூவாகப் பார்த்துவிடுகிறேன். காலையில் மட்டும்.